நோயாளர் காவுவண்டியும் சராசரியின் அரசியலும்

ஒரு மாவட்டத்தில் நோயாளர் காவுவண்டிகளை எந்தெந்த இடங்களில் நிறுத்திவைப்பது என்னும் வினா, மேலோட்டமாக நோக்குவோர்க்குச் சிறியதொரு நிருவாக விடயமாகவே தோன்றும். வரைபடம் ஒன்றும், வண்டிகளின் தொகையும், முன்னைய ஆண்டின் அழைப்புப் பதிவேடும் கையில் இருப்பின் ஓர் உத்தியோகத்தர் ஒரு பிற்பகலுக்குள் இதனைத் தீர்த்துவிடலாம் என்ற எண்ணம் பரவலாக உண்டு. உண்மை அதுவன்று. வண்டி நிற்கும் இடத்தைத் தீர்மானிப்பவர், எவருடைய உயிருக்கு எட்டு நிமிடமும் எவருடைய உயிருக்கு ஒரு மணித்தியாலமும் ஒதுக்கப்படும் என்பதையும் சேர்த்தே தீர்மானித்துவிடுகின்றார். கணக்கின் பெயரால் எடுக்கப்படுவதனாலேயே அத்தீர்மானத்தின் அரசியல் கண்ணுக்குத் தெரியாமற் போகின்றது. மறைந்து கிடக்கும் அவ்வரசியலை வெளிக்கொணர்வது சமூக விஞ்ஞானம் பயில்வோர் தட்டிக்கழிக்க முடியாத கடமையாகும்.

இலங்கையில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதொன்றன்று. 2016 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், இந்திய அரசின் நன்கொடையுடன், மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் 88 வண்டிகளைக் கொண்டு '1990 சுவசெரிய' சேவை ஆரம்பிக்கப்பட்டது. 2018 இல் அது வட மாகாணத்துக்கு விரிவுபடுத்தப்பட்டது. பின்னர் ஒன்பது மாகாணங்களையும் அடைந்து, வண்டிகளின் தொகை 300 ஐ அண்மித்தது. 2018 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம் அச்சேவைக்குச் சட்டவுரு வழங்கிற்று. அழைப்பவரிடம் ஒரு சதமேனும் அறவிடாத இச்சேவை, இந்நாட்டின் இலவச மருத்துவ மரபுக்குக் கிடைத்த நல்லதொரு சேர்க்கை என்பதில் ஐயமில்லை. அதனைக் குறைத்து மதிப்பிடுவது இங்கு நோக்கமன்று. ஆயின் இலவசமாகக் கிடைப்பது அனைவர்க்கும் சமமாகக் கிடைக்கின்றதா என்பது வேறொரு வினா. வண்டிக்குக் கட்டணம் இல்லை. தூரத்துக்குக் கட்டணம் உண்டு. அக்கட்டணம் நேரமாக அறவிடப்படுகின்றது.

வண்டிகளை நிறுத்தும் விடயத்தில் செல்வாக்குப் பெற்ற கொள்கையை ஒரே வாக்கியத்திற் கூறிவிடலாம்: அழைப்புக்கள் மிகுதியாக வரும் இடத்திலே வண்டியை நிறுத்துக. இக்கொள்கையின் வெற்றி இரு அளவுகோல்களால் அளக்கப்படுகின்றது. அழைப்புக் கிடைத்ததிலிருந்து வண்டி சென்றடையும்வரை கழியும் சராசரி நேரம் ஒன்று. குறித்த நேரத்துள், உதாரணமாகப் பதினைந்து நிமிடத்துள், எட்டப்பெற்ற அழைப்புக்களின் சதவீதம் மற்றது. மாநகரங்களைப் பொறுத்தவரை இக்கொள்கையிற் பெருங்குற்றம் காண்பதற்கில்லை. மக்கள் நெருங்கி வாழும் இடத்தில் சராசரி மனிதனுக்கும் கடைசி மனிதனுக்கும் இடையிலுள்ள தூரம் சிறிது. கிராமிய மாவட்டம் ஒன்றில் அத்தூரமே வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட தூரமாகிவிடுகின்றது.

முல்லைத்தீவு மாவட்டத்தை எடுத்து நோக்குவது பொருத்தமாகும். 2,600 சதுர கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட பரப்பினையுடைய இம்மாவட்டத்தின் குடித்தொகை 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது ஏறத்தாழ 92,000 ஆக இருந்தது. 2024 ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 1,20,000 ஐத் தாண்டிற்று. எனினும் சதுர கிலோமீற்றர் ஒன்றுக்கு ஏறத்தாழ 50 பேர் என்ற நிலையே உள்ளது. முழு நாட்டுக்குமான அடர்த்தி இதனைப் போல் ஆறு மடங்குக்கு மேலானது. கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், துணுக்காய், மாந்தை கிழக்கு, வெலிஓயா என்னும் ஆறு பிரதேச செயலகப் பிரிவுகளாக வகுக்கப்பட்ட இம்மாவட்டத்தின் தலைநகர் கீழைக் கரையோரத்தில் உள்ளது. துணுக்காயும் மாந்தை கிழக்கும் கண்டி வீதிக்கு மேற்கே விரிந்து கிடக்கின்றன. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதி மாத்திரமே ஏறக்குறைய 50 கிலோமீற்றர் நீளமானது. மேற்கே பாண்டியன்குளத்திலுள்ள ஒருவர்க்கு மாவட்டத் தலைநகர் என்பது பத்திரங்களில் இடப்படும் முத்திரையின் பெயர். அன்றாட வாழ்வின் ஊரன்று. மல்லாவியிலுள்ள ஆதார வைத்தியசாலையே அவர்க்கு அண்மையிலுள்ளது. அதற்கு மேற்பட்ட சிகிச்சைக்கு அவர் கிளிநொச்சியையோ வவுனியாவையோ யாழ்ப்பாணத்தையோ நோக்கவேண்டும்.

மக்கள் இவ்வாறு சிதறி வாழ்வது அவர்தம் விருப்பத்தின் விளைவு என்று வாதிப்போர் உளர். தூரத்திற் குடியிருக்கத் துணிந்தவர் தூரத்தின் விளைவையும் ஏற்கவேண்டும் என்பது அவர்கள் வாதம். வரலாறு இதனை மறுக்கின்றது. வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலிய நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டங்களில் 1950 களிலும் 1960 களிலும் விவசாயிகளைக் காடு வெட்டிக் குடியமர்த்தியது அரசே. நெல் விளைவிக்க அங்கு செல்லுங்கள் என்று காணி அளந்து கொடுத்த அரசு, பாம்பு கடித்தபின் ஏன் அங்கு போனீர்கள் என்று கேட்பது அறமாகாது. 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்ற போரின் இறுதி மாதங்களில் இம்மாவட்டத்து மக்கள் ஏறத்தாழ முழுமையாக இடம்பெயர்ந்தனர். பின்னர் மீளக்குடியமர்ந்தபோது அவர்கள் திரும்பிச் சென்றது தத்தம் வயலுக்கும் குளத்துக்கும் கடலுக்குமே. உழைப்பின் களம் எங்கோ, அங்கேதான் உழைப்பவனும் வாழ்வான்.

இனி, ஆளும் கொள்கையின் அடிப்படைச் சான்றாகிய அழைப்புப் பதிவேட்டை நோக்கலாம். பதிவேட்டில் எந்தக் கிராமத்தின் பெயர் மிகுதியாக உள்ளதோ அக்கிராமத்தின் தேவையே மிகுதி என்று கொள்ளப்படுகின்றது. இது காரணத்தையும் காரியத்தையும் தலைகீழாக்கும் செயலாகும். வண்டி விரைந்து வரும் என்ற நம்பிக்கை உள்ளவனே அழைப்பான். ஒருமுறை அழைத்து ஒரு மணித்தியாலம் காத்திருந்தவன் மறுமுறை அழைப்பதில்லை. அயலவனின் முச்சக்கரவண்டியையோ லான்ட்மாஸ்டரையோ மோட்டார் சைக்கிளையோ தேடுகின்றான். காட்டோரக் கிராமங்களிற் கைத்தொலைபேசிக்கு அலை கிடையாத மூலைகளும் உண்டு. அங்கிருந்து எழுந்த அழைப்பு பதிவேட்டை எட்டுவதேயில்லை. எனவே பதிவேடு தேவையின் அளவீடன்று. ஏலவே வழங்கப்பட்ட சேவையின் நிழல். சேவை உள்ள இடத்தில் அழைப்புப் பெருகும். அழைப்புப் பெருகிய இடத்துக்கு மேலும் சேவை செல்லும். சேவையற்ற இடத்தில் அழைப்புக் குறையும். குறைந்த அழைப்பே சேவை வேண்டாமைக்குச் சான்றாகிவிடும். இவ்வட்டத்துள் அகப்பட்ட கிராமம் தானாக வெளியேற வழியே இல்லை.

இது புதிய கண்டுபிடிப்பன்று. வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கிராமமொன்றில் வைத்தியராகப் பணியாற்றிய ஜூலியன் ரியூடர் ஹார்ட் என்பவர் 1971 ஆம் ஆண்டில் லான்செற் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையொன்றில், நல்ல மருத்துவம் கிடைப்பது அதன் தேவைக்கு எதிர்மாறாக அமைகின்றது என்று காட்டி, அதனை ஒரு விதியாகவே வகுத்தார். சந்தையின் சக்திகளுக்கு மருத்துவம் எவ்வளவுக்குத் திறந்துவிடப்படுகின்றதோ அவ்வளவுக்கு அவ்விதி வலுவாகத் தொழிற்படும் என்பதும் அவர் முடிபு. இங்கு சந்தை இல்லை, கட்டணமும் இல்லை. ஆயினும் அழைப்புப் பதிவேட்டைத் தேவையெனக் கொள்ளும் நிருவாகம், விலையைக் கைவிட்டுவிட்டுச் சந்தையின் தருக்கத்தை மாத்திரம் பேணிக்கொள்கின்றது. கேட்பவனுக்குக் கொடு என்பதே அத்தருக்கம்.

சராசரி செய்யும் சூழ்ச்சியை ஒரு சிறு கற்பனைக் கணக்கு விளக்கும். ஒரு பிரதேசத்துக்கு ஒரு வண்டி எனக் கொள்க. மாதம் 100 அழைப்புக்களில் 80 நகரத்திலிருந்தும் 20 தொலைக் கிராமங்களிலிருந்தும் வருகின்றன. வண்டியை நகரத்தில் நிறுத்தினால் நகரத்தவரை 8 நிமிடத்திலும் கிராமத்தவரை 60 நிமிடத்திலும் அடையும். சராசரி 18.4 நிமிடம்; பதினைந்து நிமிடத்துள் எட்டப்பட்டோர் 80 சதவீதம். அதே வண்டியை இடைவழிச் சந்தியொன்றில் நிறுத்தினால் நகரத்தவரை 20 நிமிடத்திலும் கிராமத்தவரை 35 நிமிடத்திலும் அடையும். சராசரி 23 நிமிடமாக உயரும். பதினைந்து நிமிடத்துள் எட்டப்பட்டோர் எவரும் இலர். ஆண்டறிக்கை எழுதுபவர் எதனைத் தேர்வார் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆயின் முதலாவது ஏற்பாட்டில் ஒரு மணித்தியாலம் காத்திருந்த இருபது பேரும் அவ்வறிக்கையில் எங்கும் தோன்றுவதில்லை. எண்பது பேரின் எட்டு நிமிடத்துள் அவர்கள் கரைந்துபோகின்றனர்.

இக்கணக்கின் மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். சந்திக்கு வண்டி நகர்ந்தால் நகரத்தவர் எண்பதின்மர் பன்னிரண்டு நிமிடத்தை இழப்பர். இதயத் துடிப்பு நின்றுபோன ஒருவர்க்கு உயிர்ப்பூட்டும் உதவி கிட்டாத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதம்வரை குறைக்கும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. எனவே நகரத்தின் வண்டியைப் பிடுங்கிக் கிராமத்துக்குக் கொடு என்பது தீர்வாகாது. அவ்வாறு இருவரை மோதவிடும் கேள்வியே தவறானது. அக்கேள்வி எங்கிருந்து வந்தது என்று ஆராய்வது அவசியம்.

சேவை நிலையங்களின் அமைவிடம் பற்றிய கணித ஆய்வு 1960 களில் வேரூன்றியது. வலையமைப்பொன்றில் மொத்தத் தூரத்தைக் குறைக்கும் புள்ளியும், மிகத் தொலைவிலுள்ளவனின் தூரத்தைக் குறைக்கும் புள்ளியும் வேறு வேறானவை என்பதை ஹக்கிமி 1964 இல் தெளிவுபடுத்தினார். 1971 இல் ரொறெகாஸ், சுவெய்ன், றெவெல், பேர்க்மன் ஆகியோர் அவசர சேவைகளுக்காக எழுப்பிய வினா இது: எவரும் குறித்த நேர எல்லைக்கு அப்பால் விடப்படாதிருப்பதற்குக் குறைந்தது எத்தனை நிலையங்கள் தேவை? மூன்று ஆண்டுகள் கழித்து, 1974 இல், சேர்ச் என்பாரும் அதே றெவெலும் வேறொரு வினாவை எழுப்பினர்: கையிலுள்ள நிலையங்களைக் கொண்டு உச்ச அளவாக எத்தனை பேரை எல்லைக்குள் கொணரலாம்? முதலாவது வினா தேவையிலிருந்து தொடங்கிச் செலவைக் கேட்கின்றது. இரண்டாவது வினா செலவிலிருந்து தொடங்கித் தேவையை வெட்டுகின்றது. உலகெங்கும் திட்டமிடுவோர் கைகளில் இரண்டாவது வினாவே பெரிதும் பரவியது. வரவுசெலவுத் திட்டத்தைக் கேள்விக்குள்ளாக்காத வினா எந்நாளும் அரசுகளுக்கு உவப்பானதே.

எனினும் அறிஞரைக் குறைகூறுவது நியாயமன்று. 1974 ஆம் ஆண்டின் அதே கட்டுரையில், பெரும்பான்மையோரைக் குறுகிய எல்லைக்குள் கொணரும் அதேவேளை, எவரையும் சற்றுப் பெரிய மற்றோர் எல்லைக்கு அப்பால் விடாதிருக்கும் கட்டாய நிபந்தனையையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று காட்டப்பட்டுள்ளது. அதாவது நகரத்துக்குப் பதினைந்து நிமிடம் என்றால், எக்கிராமத்துக்கும் நாற்பது நிமிடத்துக்கு மேற்படலாகாது என்று வரம்பு கட்டலாம். மருந்து புட்டியிலேயே இருந்தது. ஊற்றியவர் பாதியை விட்டுவிட்டார்.

இந்த நிபந்தனையை முதன்மைப்படுத்துவதே நீதியான வழி. முதலில் எல்லை; பின்னரே சராசரி. மாவட்டத்தின் எந்தக் குடியிருப்பும் கடக்கக்கூடாத நேர எல்லையொன்றை வெளிப்படையாக வகுத்து, அதனை நிறைவுசெய்ய எத்தனை வண்டிகள் எவ்வெவ்விடங்களில் வேண்டும் என்று கணித்து, அவ்விடங்களை முதலில் நிரப்பவேண்டும். எஞ்சிய வண்டிகளை அழைப்பு மிகுந்த இடங்களுக்கு ஒதுக்கலாம். எல்லையை நிறைவுசெய்ய வண்டிகள் போதாவெனின், போதாமை பகிரங்கமாகச் சொல்லப்படவேண்டும். சராசரி கொண்டு மூடப்படலாகாது.

வண்டியை வைத்தியசாலை வாயிலிலேயே நிறுத்தும் வழக்கமும் இவ்விடத்து ஆராயத்தக்கது. வைத்தியசாலைக்கு அருகில் வாழ்பவனுக்கே காவுவண்டியின் தேவை மிகக் குறைவு. இரண்டு கிலோமீற்றர் தூரத்தை முச்சக்கரவண்டி சில நிமிடங்களிற் கடந்துவிடும். 40 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கிராமத்துக்கு, மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில், வைத்தியசாலையிலிருந்து புறப்படும் வண்டி போக ஒரு மணித்தியாலம், மீள ஒரு மணித்தியாலம் என இரட்டைப் பயணம் செய்கின்றது. அக்கிராமத்துக்கு அண்மையில் வண்டி நின்றால் பயணம் ஒன்றே. நேரம் ஏறக்குறையப் பாதி. ஆயின் வழக்கமான அளவீடு வண்டி நோயாளியை அடைந்ததும் நின்றுவிடுகின்றது. வைத்தியரை அடையும்வரை நோயாளியின் கடிகாரம் நிற்பதில்லை. பேற்றின் பின்னான கடுங்குருதிப்பெருக்கு இரண்டு மணித்தியாலத்துள் தாயின் உயிரைப் பறிக்கவல்லது. நிலத்திற் பாய் விரித்து உறங்குவோரை நள்ளிரவில் தீண்டும் எண்ணெய் விரியனின் கடியில் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரிவதில்லை. கண்ணிமை சோர்ந்து மூச்சுத் தளரும்போதுதான் ஆபத்து உணரப்படுகின்றது. 2012-2013 காலப்பகுதியில் மேற்கொள்ளப்பட்ட நாடளாவிய ஆய்வொன்று, இலங்கையில் ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பாம்புக்கடிகளும் 400 க்கு மேற்பட்ட மரணங்களும் நிகழ்வதாக மதிப்பிட்டது. பாம்பு கடிப்பது பெரும்பாலும் வயலிலும் வரம்பிலும் மண்குடிசையிலுமே, நகரத்துச் சந்தியிலன்று.

2016 இல் சேவை தொடங்கியபோது பல வண்டிகள் பொலிஸ் நிலையங்களில் நிறுத்தப்பட்டன. இரவுபகற் காவலும் ஊழியர்க்கான இடமும் அங்கு இருந்தமை விளங்கிக்கொள்ளத்தக்கதே. ஆயின் பொலிஸ் நிலையத்தின் அமைவிடம் வேறொரு நோக்கத்துக்காக வேறொரு காலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டது. நோயாளியின் தூரம் அத்தேர்வில் இடம்பெற்றதில்லை. பிரதேச வைத்தியசாலை, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, கூட்டுறவுச் சங்கக் கட்டிடம் என்பனவும் கிராமங்களில் உள்ளன. பின்தங்கிய இடத்தில் ஊழியர்க்கு வசதியில்லை என்பது நிரந்தர மறுப்பாகாது. அதே இடங்களில் ஆசிரியர்கள் தங்குகின்றனர், மருத்துவிச்சிகள் தங்குகின்றனர். தண்ணீர், மலசலகூடம், மின்சாரம், தொலைபேசி அலை என்பவற்றை ஊழியர்க்காக ஏற்படுத்தினால் அவை கிராமத்துக்கும் பயன்படும்.

மிக வலுவான மறுப்பாக முன்வைக்கப்படுவது மற்றொன்று: தொலைவிடத்தில் நிறுத்தப்படும் வண்டி நாட்கணக்காகச் சும்மா நிற்கும், அது வளத்தை வீணடிப்பதாகும். வண்டி ஓடினாற்றான் பயன் என்று கருதுவோர் பஸ் வண்டியையும் காவுவண்டியையும் ஒன்றெனக் கொள்கின்றனர். பஸ் வண்டியின் பயன் அதன் ஓட்டத்தில் உள்ளது. காவுவண்டியின் பயன் அதன் ஆயத்தத்தில் உள்ளது. கப்பல் வராத இரவிலும் கலங்கரை விளக்கம் எரிகின்றது. அதனை எண்ணெய் வீண் என்று எவரும் சொல்வதில்லை. மேலும், நகரத்தில் நெருக்கடி ஏற்படும்போது தொலைவிடத்து வண்டியை இடைவழிக்கு நகர்த்தவும், நகரத்து வண்டி ஒன்று வெளியே சென்றதும் மற்றையதை இடம்மாற்றவும் கட்டுப்பாட்டு நிலையத்தால் இயலும். வேண்டியது அதற்கான ஒழுங்குவிதியே.

இறுதியாக, எல்லைகளும் காலமும் பற்றிச் சில கூறவேண்டும். மாவட்ட எல்லை உத்தியோகத்தர்க்குரியது. நோய் அதனை அறியாது. கொக்கிளாய்க்கும் புல்மோட்டைக்கும் இடையில் உள்ளது களப்பின் வாயே. வீதிவழி செல்வோர்க்கோ அது நெடும்பயணம். வரைபடத்தின்மீது கவராயத்தால் வட்டம் கீறி 'எட்டப்பட்ட பரப்பு' என்று நிறந்தீட்டுவோர் களப்பின்மீதும் காட்டின்மீதும் வண்டியை ஓட்டுகின்றனர். மாரி காலத்திற் குளங்கள் வான்பாயும்போது தாழ்ந்த பாலங்கள் மூழ்கிவிடும். ஓகஸ்ட் மாதத்தில் அரை மணித்தியால வழி டிசெம்பரில் வழியே அன்று. 2025 நவம்பர் இறுதியில் வீசிய திட்வா சூறாவளியின் வெள்ளம் பரந்தன் - முல்லைத்தீவு வீதியிலேயே பாலத்தை உடைத்து, தற்காலிக இரும்புப் பாலம் அமைக்கும் நிலையை உண்டாக்கிற்று. பெருவீதிக்கே இக்கதியெனில் குளக்கட்டு வீதிகளின் நிலையை விளக்கவேண்டியதில்லை. ஆகவே வண்டிகளின் நிலைகள் ஆண்டு முழுவதற்கும் ஒன்றாக இருத்தல் ஆகாது; மாரிக்கு ஒன்றும் கோடைக்கு ஒன்றுமாக இரு ஏற்பாடுகள் வேண்டும். வெள்ளம் வருமுன் வண்டி அப்பக்கம் சென்றிருக்கவேண்டும், வந்தபின் செல்லமுடியாது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின் கோரிக்கை எளியது. ஒவ்வொரு கிராம சேவையாளர் பிரிவுக்கும், அழைப்பிலிருந்து வைத்தியசாலைவரை கழியும் நேரத்தை, மாரிக்கும் கோடைக்கும் தனித்தனியே, ஆண்டுதோறும் வெளியிடுக. சராசரியை அல்ல, மிக மோசமான நேரத்தையே முதற்பக்கத்தில் அச்சிடுக. அவ்வட்டவணையைத் தயாரிப்பதற்கு அந்நிய நிபுணர் எவரும் தேவையில்லை. வீதிப்படமும், குடித்தொகைப் பட்டியலும், கிராமந்தோறும் நடந்து கேட்டறியும் பொறுமையும் போதும். பல்கலைக்கழகங்களின் புவியியல், சமூகவியல் மாணவர்க்கு இதனினும் பொருத்தமான ஆய்வுப் பொருள் கிடைப்பதரிது. அட்டவணை வெளிவந்தபின் ஒரு மணித்தியாலத்துக்கு அப்பால் விடப்பட்ட கிராமங்களின் பெயர்கள் எவர் கண்ணுக்கும் தெரியும். அப்போது அக்கிராமங்களை அவ்வாறே விட்டுவைப்பதாயின், விட்டுவைப்பவர் தமது பெயரிட்டு, காரணங்கூறி, கையொப்பமிட்டே அதனைச் செய்யவேண்டியிருக்கும். சராசரியின் பின்னால் ஒளிந்துகொள்வதற்கு இடமிராது.